பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம் வராதபோது என்ன செய்வது: இடுக்கி எல்லையோரக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் ஒரு வழிகாட்டி

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு இலவசமாக வழங்கிவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பகுதிகளின் ஏலக்காய்க் கடைகளிலும், மலையிறங்கினால் கூடலூர், கம்பம், போடி வீடுகளிலும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பல அந்த இயங்குதளத்தில்தான் இருக்கின்றன. விண்டோஸ் 11க்கு இந்தக் கணினி ஏற்றதன்று என்ற செய்தி திரையில் தோன்றியதும் புதுக் கணினிக்குப் பணம் புரட்டத் தொடங்குபவர்களும் உண்டு. அந்தச் செய்தியை மூடிவிட்டு அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பவர்களும் உண்டு. முன்னது பல நேரங்களில் வீண் செலவு, பின்னது எப்போதும் ஆபத்து. கணினியின் வயதைக் கொண்டு முடிவெடுக்காமல், அதில் அன்றாடம் நடக்கும் வேலையைக் கொண்டு முடிவெடுத்தால், இந்த இயந்திரங்களில் பலவற்றை இன்னும் சில ஆண்டுகள் கவலையின்றிப் பயன்படுத்தலாம்.

நின்றுபோனது எது

“நெட்டு ஓடுது, டேலி ஓடுது, அப்புறம் என்னதான் தம்பி நின்னுபோச்சு?” என்று, டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் கடைக்காரர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். கணினி நிற்பதில்லை. இயங்குதளத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் வேலைதான் நிற்கிறது. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை இத்தகைய திருத்தங்களை வெளியிடுகிறது. விண்டோஸ் 10க்கும் 11க்கும் உள்ளே பொதுவான பகுதிகள் ஏராளம் என்பதால், 11இல் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டதாக அறிவிப்பு வரும்போது, 10இல் அதே இடத்தைத் தேடிப் பார்க்கலாம் என்று திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது.

இது எங்கோ நடக்கும் சங்கதி அன்று. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல், கேரளத்தில் வயநாடு மாவட்டத்துத் தரியோடு ஊராட்சி அலுவலகத்துக் கணினிகளையும், பாலக்காட்டு ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகளையும் முடக்கியது. அது பயன்படுத்திய ஓட்டைக்கு அந்த ஆண்டு மார்ச் மாதமே திருத்தம் வந்திருந்தது. அதை நிறுவாத கணினிகளும், ஆதரவு முடிந்து திருத்தமே கிடைக்காதிருந்த கணினிகளும் அகப்பட்டன. யாரும் எதையும் சொடுக்கத் தேவையில்லாமல், ஒரே வலையமைப்பில் இருக்கும் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு அது தானே பரவியது.

இயங்குதளத்துக்குப் பிறகு உலாவியின் முறை வரும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், 8.1க்கான ஆதரவு 2023 ஜனவரி 10 அன்றும் முடிந்தன. அந்த இரண்டுக்கும் கிடைத்த கடைசிக் குரோம் பதிப்பு 109. அதிலேயே தங்கிவிட்ட கணினிகளில் இன்று சில வங்கித் தளங்கள் திறப்பதில்லை. விண்டோஸ் 10இல் இந்த நிலை உடனே வராது; எட்ஜ் உலாவிக்கும், விண்டோஸோடு வரும் தீநிரல் தடுப்பானான டிஃபெண்டரின் தீநிரல் பட்டியலுக்கும் 2028 வரை புதுப்பிப்பு தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் கதவுக்கு நல்ல பூட்டுப் போட்டாலும் சுவரில் உள்ள ஓட்டை அடைபடாது என்பதுபோல, உலாவி புதியதாக இருப்பது இயங்குதளத்தின் குறையை ஈடுசெய்யாது.

முதலில் கடிகாரத்தையும் ஈரத்தையும் பாருங்கள்

“கணினி பழசாகிவிட்டது, இணையதளம் எதுவும் திறப்பதில்லை” என்று கொண்டுவரப்படும் இயந்திரங்களில் சிலவற்றுக்கு ஆதரவுப் பிரச்சினையே இருக்காது. திரையின் வலது கீழ் மூலையில் தேதி எத்தனையாம் ஆண்டைக் காட்டுகிறது என்று பாருங்கள். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போலப் பதிந்திருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும். பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழும் அதற்கு ஒரு செல்லுபடிக் காலமும் உண்டு. கணினி 2010இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், 2026இன் சான்றிதழை அது ஏற்காது. எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் அந்தச் சிறு பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் எல்லாத் தளங்களும் திறந்துவிடும்.

இரண்டாவது, மலைக்கே உரிய தொல்லையான ஈரம். ஆடி மழை முழுவதும் போடாமல் வைத்திருந்த கணினி ஆவணியில் உயிர்பெறாமல் ‘பீப்’ ஒலி மட்டும் எழுப்பினால், பெரும்பாலும் நினைவகப் பலகையான ரேமின் தொடுமுனைகளில் படிந்த பச்சைப்பூச்சுதான் காரணமாக இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மீண்டும் பொருத்துங்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டிய அறையில் இருக்கும் கணினியாக இருந்தால், பிராசஸரின் மேலுள்ள விசிறியையும் அதன் அடியிலுள்ள தகடுகளையும் கட்டாயம் பாருங்கள். ஏலத்தூளும் தூசியும் சேர்ந்து கம்பளம் போல அடைத்துக்கொண்டால், இயந்திரம் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைப் பார்ப்பவர்கள் விண்டோஸ்மீது பழி போடுவார்கள்.

விண்டோஸ் 11க்குத் தகுதி உண்டா

2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்த விண்டோஸ் 11 கேட்பவை இவை: 64 பிட் பிராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு வசதியுள்ள யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல்), டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. ரேமும் சேமிப்பிடமும் பலரிடம் இருக்கும். தடையாக நிற்பவை பிராசஸரும் டிபிஎம்மும்தான்.

விண்டோஸ் பொத்தானையும் ‘ஐ’ எழுத்தையும் சேர்த்து அழுத்தி, சிஸ்டம் பகுதிக்குள் அபவுட் என்பதைத் திறந்தால் பிராசஸரின் பெயர் தெரியும். இன்டெல் கோர் வகையில், ஐ3, ஐ5, ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணை வாசியுங்கள். நான்கு இலக்க எண்ணாக இருந்தால் பொதுவாக முதல் இலக்கமே தலைமுறை: ஐ5-3470 மூன்றாம் தலைமுறை, ஐ5-7200 ஏழாம் தலைமுறை, ஐ3-8130 எட்டாம் தலைமுறை. 10210 போன்ற ஐந்து இலக்க எண்ணிலும், 1135 போல 1இல் தொடங்கும் நான்கு இலக்க எண்ணிலும் முதல் இரண்டு இலக்கங்களைக் கொள்ள வேண்டும். எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் ஏற்கப்படும்; ஏஎம்டியில் பொதுவாக ரைசன் 2000 வரிசையிலிருந்து தொடங்கும். ஐ3, ஐ5 என்ற பெயர் மட்டும் எதையும் சொல்வதில்லை. “ஐ5 மெஷின்” என்று சொல்லி விற்கப்படும் பழைய அலுவலகக் கணினிகளை வாங்கும்போதும் இந்த எண்ணைக் கேட்டுவிட்டே விலை பேசுங்கள்.

பிராசஸர் தகுதி பெற்றும் டிபிஎம் இல்லை என்று மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலி சொன்னால், உடனே நம்பிவிட வேண்டாம். உதிரி பாகங்களை வாங்கிப் பூட்டிய டெஸ்க்டாப்களில் அந்த வசதி பிராசஸருக்குள்ளேயே இருந்தும் அணைக்கப்பட்டிருப்பது சாதாரணம். கணினி தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரைக்குள் நுழைந்து, இன்டெல் என்றால் பிடிடி என்றும் ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்றும் இருப்பதை இயக்குங்கள். அதற்கு முன்பு இரண்டைச் சரிபார்க்க வேண்டும். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்கிக்கொண்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கவும். டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் அதை மாற்றிய பிறகே பயாஸில் யுஇஎஃப்ஐக்கு மாறவும். வரிசை மாறினால் கணினி தொடங்காது.

பிராசஸர் தகுதி பெறாவிட்டால், தடையைச் சுற்றிக்கொண்டு 11ஐ நிறுவ வழிகள் இருக்கின்றன. அவற்றை “சும்மா போட்டுத் தருகிறேன்” என்று செய்பவர்களும் இருக்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு, பாப்கவுன்ட் போன்ற கட்டளைகள் இல்லாத கோர் 2 டுவோ காலத்துப் பிராசஸர்களில் தொடங்கவே மறுத்தது. சோதித்துப் பார்க்க ஒரு கணினி இருந்தால் விளையாடலாம். கணக்கு வைத்திருக்கும் கணினியில் வேண்டாம்.

வேலையைக் கொண்டு பிரித்தல்

புற்றடியிலும் போடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்தில் சரக்கு எடுத்து எல்லை தாண்டி அனுப்பும் ஒரு வியாபாரியின் கணினியை எடுத்துக்கொள்வோம். அதில் டேலி இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் கையொப்பமிட யுஎஸ்பி டோக்கன் இருக்கிறது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வெளிமாநிலம் போகும்போது இ-வே பில் எடுக்க வேண்டியிருக்கிறது. இவற்றில் இ-வே பில் உலாவியில் நடப்பது, ஆகவே எந்த இயங்குதளத்திலும் எடுக்கலாம். டேலி விண்டோஸுக்கென எழுதப்பட்டது. டோக்கனுக்கான துணைமென்பொருளும் பெரும்பாலும் அப்படியே. எனவே இந்தக் கணினியை லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றச் சொல்வது பொறுப்பற்ற ஆலோசனை. இதற்கு உடனடியாக, கீழே சொல்லப்போகும் மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டமும், அந்தத் திட்டம் முடிவதற்குள் தகுதியுள்ள கணினியும் தேவை. பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கையில் இருக்கும் தொகையை வீட்டுக் கணினிக்குச் செலவிட்டுவிட்டுக் கடைக் கணினியை அப்படியே விடுவதைத்தான் நான் அடிக்கடி காண்கிறேன்.

ஆதார் விரல்ரேகைக் கருவி பொருத்திய இ-சேவை, அக்ஷயா மையக் கணினிகளும் இதே வகைதான். பிறருடைய அடையாள ஆவணங்கள் கடந்துபோகும் இயந்திரத்தில் ஆதரவற்ற இயங்குதளம் இருப்பது அங்கு வந்து நிற்பவர்களுக்குச் செய்யும் துரோகம்.

பிள்ளைகள் படிக்கவும், மின்னஞ்சல் பார்க்கவும், படம் பார்க்கவும், கடிதம் தட்டச்சு செய்யவும் பயன்படும் கணினிக்கு விண்டோஸ் கட்டாயம் இல்லை. இவற்றை லினக்ஸுக்குத் தாராளமாக மாற்றலாம். எடைமேடையோடு கம்பியில் பிணைக்கப்பட்டு, எடையை வாங்கிச் சீட்டு அச்சிடுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாத கணினி மூன்றாவது வகை. அதற்குத் தேவைப்படுவது இணையத் துண்டிப்பு ஒன்றே.

விண்டோஸ் 10இலேயே ஓராண்டு தொடர்தல்

தனிநபர்களுக்காக மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டிப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைத் தருகிறது. கணினி விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2இல் இருக்க வேண்டும். செட்டிங்ஸுக்குள் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் பதிவுசெய்வதற்கான இணைப்பு தெரியும். தெரியாவிட்டால் நிலுவையிலுள்ள புதுப்பிப்புகளை நிறுவிவிட்டு மீண்டும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அவர்களுடைய மேகச் சேமிப்பில் ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. அதற்கு உடன்படாதவர்கள் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுத்தோ, 30 டாலர் செலுத்தியோ சேரலாம். ஒரே கணக்கில் 10 கணினிகள் வரை பதியலாம். எந்த நாளில் சேர்ந்தாலும் முடியும் நாள் மாறுவதில்லை. நிறுவனங்களுக்கான தனித் திட்டம் ஆண்டுக்காண்டு கட்டணம் இரட்டிப்பாகி 2028 அக்டோபர் வரை போகிறது. சிறு கடைகளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

மாற்றுவதற்கு முன் எடுத்துவைக்க வேண்டியவை

டாகுமென்ட்ஸ் கோப்புறையை நகலெடுத்துவிட்டால் போதும் என்று நினைத்து ஃபார்மட் செய்துவிட்டு, பிறகு தலையில் கைவைப்பவர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். டேலியின் டேட்டா கோப்புறை நிரல் நிறுவிய இடத்திலேயே இருக்கலாம். அதைத் தேடி எடுப்பதோடு, டேலிக்குள்ளிருந்தும் ஒரு பேக்கப் எடுங்கள். டேலியின் உரிமம் அந்தக் கணினியோடு பிணைக்கப்பட்டது என்பதால், ஃபார்மட் செய்வதற்கு முன்பே அதைச் சரண்டர் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் புதிய நிறுவலில் உரிமத்தை இயக்கும்போது தேவையற்ற அலைச்சல் ஏற்படும். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், டெஸ்க்டாப்பில் சிதறிக் கிடக்கும் கோப்புகள், வாட்ஸ்அப்பிலிருந்து இறக்கிய பட்டியல்கள் ஆகியவற்றோடு, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் நகலெடுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ் ஆவணங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். நகலை வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்து, அதை வேறொரு கணினியில் செருகி, இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள்.

சுழலும் டிஸ்கை மாற்றுங்கள்

பழைய கணினிக்குச் செய்யக்கூடிய சிகிச்சைகளில் மிகப் பலன் தருவது சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போடுவதுதான். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பெரும்பாலான பழைய லேப்டாப்களிலும் டெஸ்க்டாப்களிலும் அப்படியே பொருந்தும். 256 ஜிபி வீட்டுக்குப் போதும். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் கம்பம் பள்ளத்தாக்கில் அலமாரிகளில் நிறைய உறங்குகின்றன. அவற்றில் பேட்டரி செத்திருந்தாலும், சார்ஜரில் ஓடினால், எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு ஒரு பள்ளிப் பிள்ளையின் மேசையில் வைக்கலாம். அந்தத் தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது என்பதையும் இங்கே நினைவுபடுத்தலாம்.

ரேம் வாங்கும்போது கவனம் தேவை. லேப்டாப்புக்கானது குட்டையானது, டெஸ்க்டாப்புக்கானது நீளமானது. டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றுக்கொன்று பொருந்தாது. நான்காம் தலைமுறை லேப்டாப்களிலிருந்து 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வகையே தேவைப்படும், 1.5 வோல்ட் ரேமைச் செருகினால் கணினி தொடங்காது. பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று, அதிலுள்ள ஒட்டுத்தாளைக் காட்டி வாங்குவதே நல்லது. 4 ஜிபி இருந்தால் சமாளிக்கலாம், 8 ஜிபி இருந்தால் நிம்மதி.

லினக்ஸ் நிறுவுதல்

கேரளப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்களுக்கு லினக்ஸ் அந்நியமானது அன்று. 2001இல் ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி இப்போது கைட் என்ற பெயரில் இயங்கும் அரசு நிறுவனம், பள்ளிகளுக்காக உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் குனு/லினக்ஸை உருவாக்கித் தருகிறது. மூணாறு, பீருமேடு பகுதிகளின் தமிழ்வழிப் பள்ளிகளிலும் கணினிப் பாடம் அதில்தான் நடக்கிறது. பெற்றோர் தயங்கும்போது பிள்ளை தயங்காமல் உட்கார்ந்துவிடும். வீட்டில் மாணவர் இருந்தால் அதையே நிறுவலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட் 22. விண்டோஸ் பழகிய கைக்கு எளிது, 2029 வரை ஆதரவு உண்டு. பழைய கணினியாக இருந்தால் அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

இதற்கு 64 பிட் பிராசஸர் வேண்டும். 32 பிட் மட்டுமே உள்ள பென்டியம் 4 காலத்து இயந்திரங்களுக்கு வாசல்கள் மூடிக்கொண்டே வருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்புகூட அவற்றுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. அவற்றைக் காப்பாற்ற முயல்வதைவிட மின்கட்டணத்தைக் காப்பாற்றுவது மேல்.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளவை அழிந்துவிடும். மின்டின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற சிறு நிரலால் அதைப் பென் டிரைவில் எழுதுங்கள். பிறகு விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிட்டுக் கணினியை முழுமையாக நிறுத்துங்கள். அதை அணைக்காவிட்டால் விண்டோஸ் பாதி உறக்கத்தில் இருப்பதால், லினக்ஸிலிருந்து அந்த டிஸ்கில் எழுத முடியாமல் போகும். பென் டிரைவைச் செருகி, கணினியை இயக்கியதும் டெல், லெனோவா, ஏசர் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 விசையை விட்டுவிட்டுத் தட்டினால், எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும்.

இப்போது திரையில் தெரிவது டிஸ்கில் எதையும் மாற்றாத சோதனை ஓட்டம். நிறுவும் பொத்தானை உடனே அழுத்தாமல், ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, திரையின் வெளிச்சம் கூடிக் குறைகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரின்டர் அச்சிடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிராட்காம் சில்லு உள்ள பழைய லேப்டாப்களில் வைஃபை தெரியாமல் போவது வழக்கம். கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து டெதரிங்கை இயக்கினால் இணையம் வந்துவிடும். நிறுவிய பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து உரிய டிரைவரை அதன் வழியாகவே போட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் நிறுவுங்கள். டிஸ்கை முழுதும் அழித்து நிறுவுவதா, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவதா என்று கேட்கும். புதிய எஸ்எஸ்டி போட்டிருந்தால் முன்னதைத் தேர்ந்தெடுத்து, பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி உறையிலிட்டுப் பத்திரமாக வைத்துவிடுங்கள். ஏதேனும் கோப்பு விடுபட்டிருந்தால் அதிலிருந்து எடுக்கலாம். பக்கத்தில் நிறுவும் முறையை நான் அதிகம் விரும்புவதில்லை. ஆதரவற்ற விண்டோஸ் அருகிலேயே இருந்தால் பழக்கதோஷத்தில் அதற்கே திரும்பிப் போய்விடுவார்கள்.

ஐப்பசி, கார்த்திகைப் பிற்பகல்களில், கேரளத்தில் துலாவர்ஷம் என்று சொல்லும் இடிமழை இறங்கும் நேரத்தில், இந்த வேலையைத் தொடங்காதீர்கள். நிறுவலின் நடுவே மின்சாரம் போனால் மறுபடியும் நிறுவிக்கொள்ளலாம். பயாஸ் புதுப்பிப்பின் நடுவே போனால் மதர்போர்டே செயலிழந்துவிடக்கூடும். டெஸ்க்டாப்புக்கு நல்ல பேட்டரியுள்ள யுபிஎஸ் இருக்கட்டும். காலை நேரம் உத்தமம்.

தமிழும் பிரின்டரும்

நிறுவிய பிறகு விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 தளக்கோலம் கிடைக்கும். ஆங்கில ஒலிப்பு முறையில் அடித்துப் பழகியவர்கள் ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம். பாமினி போன்ற எழுத்துருக் கோப்புகளை, ஏற்கெனவே நகலெடுத்து வைத்ததிலிருந்து, வீட்டுக் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்ற மறை கோப்புறையில் போட்டால் பழைய ஆவணங்கள் லிபரே ஆஃபிஸில் வாசிக்கும்படி திறக்கும். ஆனால் இனி எழுதுபவற்றை யூனிகோடில் எழுதுங்கள். பழையவற்றில் முக்கியமானவற்றை எழுத்துரு மாற்றும் கருவியால் யூனிகோடாக்கி வையுங்கள்.

பிரின்டரில்தான் ஏமாற்றம் நேரும். எப்சன் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்கள் தொல்லை தருவதில்லை. எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்போடு ஒரு கூடுதல் இணைப்பையும் இறக்கச் சொல்லும், இறக்கினால் ஓடும். நம் கடைகளில் பரவலாக உள்ள கேனன் எல்பிபி 2900 மட்டும் லினக்ஸில் மிகவும் படுத்தும். அது உங்களுக்குத் தவிர்க்க முடியாதது என்றால், விண்டோஸ் கணினி ஒன்றில் அதை விட்டுவைத்து, ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கி அங்கே அச்சிடுங்கள்.

துண்டித்து வைக்கும் கணினி

எடைமேடைக் கணினி போன்றவற்றில் வைஃபையை அணைத்து, இணையக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். அதன்பின் தீநிரல் நுழையும் ஒரே பாதை பென் டிரைவ். அந்தக் கணினிக்கென ஒரு பென் டிரைவை ஒதுக்கி, அதில் அடையாளம் ஒட்டி, வேறெதிலும் செருகாமல் வையுங்கள். “ஒரு பாட்டு மட்டும் ஏத்திக்கிறேன் அண்ணே” என்று வருபவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். டிஸ்கின் முழு நகலை ஒருமுறை எடுத்து வைத்தால், டிஸ்க் பழுதானாலும் அதே அமைப்பை மீட்கலாம்.

கழிக்கும் கணினி

உண்மையிலேயே கழிக்க வேண்டிய கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன், ஹார்ட் டிஸ்கில் உள்ளவற்றை அழிக்க வேண்டும். ஃபார்மட் செய்வது அழிப்பது ஆகாது. சுழலும் டிஸ்க் என்றால், லினக்ஸ் பென் டிரைவிலிருந்து தொடங்கி டிஸ்க்ஸ் என்ற செயலியில் முழு டிஸ்கையும் பூச்சியங்களால் ஒருமுறை மேலெழுதுங்கள். பல மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிடலாம். எஸ்எஸ்டிக்கு அதைத் தயாரித்த நிறுவனத்தின் செக்யூர் இரேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். கேரளப் பக்கம், வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனை மின்னணுக் கழிவுகளைப் பெற்றுக்கொள்கிறது. உங்கள் வார்டுக்கு அவர்கள் வரும் நாளை ஊராட்சியில் கேட்டு அறியலாம். லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தாமல், அழுத்தாமல், மற்றவற்றோடு சாக்கில் கட்டாமல், தனியே காட்டி ஒப்படைக்க வேண்டும்.